கரையான் கோட்டைப் பார்த்தால் ஸ்ப்ரே அடிக்காதீர்கள்

(நமது சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், 'பி' பிளாக் தரைத்தளத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற கட்டடப் பொறியாளர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம். கூட்டத்துக்கு வர இயலாத உறுப்பினர்களுக்காக இங்கே வெளியிடுகிறோம்.)



தலைவர் எனக்கு இருபது நிமிடம் கொடுத்திருக்கிறார். அதில் முதல் ஐந்து நிமிடத்தை ஒரு மன்னிப்புக்காக எடுத்துக்கொள்கிறேன்.

மூன்று வருடத்துக்கு முன், மழைக்காலம் முடிந்த ஒரு தை மாதம். என் வீட்டுக் குளியலறைக் கதவு நிலையின் ஓரமாக, பென்சில் பருமனில் ஒரு மண் கோடு ஏறியிருந்தது. கரையான்தான் என்று பார்த்தவுடனே தெரிந்தது. கடைக்குப் போய் ஸ்ப்ரே வாங்கி வந்து அடித்தேன். துடைப்பத்தால் தட்டினேன், ஈரத்துணியால் துடைத்தேன். பொறியாளர் அல்லவா, அத்துடன் விடவில்லை. ஸ்கர்ட்டிங் டைலுக்கும் சுவருக்கும் நடுவே இருந்த சந்தில் மண்ணெண்ணெய் ஊற்றி, வெள்ளை சிமென்ட் வைத்து அடைத்தேன். அடுத்த ஒரு வருடம் எதுவும் வரவில்லை. நாலு பேரிடம் பெருமையாகச் சொன்னேன். இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் சிலர் என் பேச்சைக் கேட்டு அதையே செய்தீர்கள்.

போன வருடம் எனக்கு நேர் மேலே, முதல் தளத்தில் இருக்கும் அம்மா என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். படுக்கையறைச் சுவரலமாரியின் பின்பலகை பிளைவுட். அதன்மேல் சாய்த்து ஒரு துணிப்பை வைத்திருந்தார். பைக்குள் மாமனார் காலத்துக் கிரயப் பத்திரம், கல்யாண ஆல்பம், காலமான அவருடைய கணவர் முப்பது வருடம் கைப்பட எழுதிய வீட்டுக் கணக்கு நோட்டுகள். வெளியே பார்த்தால் பை அப்படியே இருந்தது. தூக்கினால் அடிப்பக்கம் இல்லை. நோட்டைத் தொட்டால் மண்ணாக உதிர்ந்தது. கிரயப் பத்திரத்துக்குச் சார்பதிவாளர் அலுவலகத்தில் சான்றிட்ட நகல் வாங்கிவிட்டோம். கணக்கு நோட்டுக்கு எந்த அலுவலகத்தில் நகல் கேட்பது?

கரையான் எப்படி அங்கே ஏறியது என்று பிளம்பிங் டக்ட்டைத் திறந்து பார்த்தோம். என் குளியலறைச் சுவரின் பின்பக்கத்திலிருந்து புறப்பட்ட மண் குழாய், கழிவுநீர்க் குழாயை ஒட்டியே மேலே போயிருந்தது. நான் வாசலை அடைத்தேன். அது கொல்லைப்புறமாகப் போய்விட்டது. நான் அடித்த ஸ்ப்ரேயால்தான் அது நடந்தது என்று நிரூபிக்க முடியாது. அதனால் இல்லை என்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. அந்த அம்மா இன்றுவரை என்னிடம் ஒரு வார்த்தை கடிந்து பேசியதில்லை. அவர் முன்னிலையில் இதைச் சொல்லிவிட்டுத்தான் மற்றதைப் பேச வேண்டும் என்று நினைத்தேன்.

நாம் பார்ப்பது வேலையாட்களை மட்டுமே

கரையான் நம் வீட்டில் குடியிருக்கிறது என்று நினைக்கிறோம். அதன் குடியிருப்பு மண்ணுக்கு அடியில் இருக்கிறது. நம் வீட்டுக்கு அது சாப்பாடு எடுக்க வந்து போகிறது, அவ்வளவுதான். கூடு நம் தோட்டத்தில் இருக்கலாம், காம்பவுண்டுக்கு வெளியே காலி மனையில் இருக்கலாம். பல பத்து மீட்டர் தூரத்திலிருந்து சுரங்கம் போட்டுக்கொண்டு வரக்கூடிய பூச்சி அது.

கூட்டில் ராணி இருக்கிறது, ராஜா இருக்கிறது, காவலுக்குச் சிப்பாய்கள், வேலைக்கு வேலைக்காரக் கரையான்கள். மரத்தை அரிப்பது வேலைக்காரக் கரையான். பெரும்பாலான இனங்களில் அதற்குக் கண் கிடையாது. தோல் மெல்லியது, வெயிலும் காற்றும் பட்டால் சீக்கிரம் காய்ந்து செத்துவிடும். அதனால்தான் போகிற இடமெல்லாம் மண்ணையும் எச்சிலையும் குழைத்துக் குழாய் கட்டிக்கொண்டு, ஈரத்தைக் கூடவே எடுத்துக்கொண்டு வருகிறது. கரையானுக்கு மரம் எவ்வளவு முக்கியமோ அவ்வளவு ஈரமும் முக்கியம். இதை மறக்காதீர்கள், கடைசியில் இதற்குத் திரும்பி வருவேன்.

கான்கிரீட்டை அது தின்னாது. ஆனால் கான்கிரீட்டில் ஒன்றரை மில்லிமீட்டர் விரிசல் இருந்தால் போதும், உள்ளே வந்துவிடும். நம் கட்டடத்தில் அந்த வழிகளுக்குப் பஞ்சமில்லை. தரையைத் துளைத்துக்கொண்டு வரும் குழாய்களைச் சுற்றியுள்ள இடைவெளி, எக்ஸ்பான்ஷன் ஜாயின்ட், மின்சாரக் கம்பிகள் வரும் கான்டூயிட், லிஃப்ட் பிட். இன்னொன்றையும் என் தொழில் அனுபவத்தில் சொல்கிறேன். பல கட்டடங்களில் அஸ்திவாரம் முடித்து மண் நிரப்பும்போது, சென்ட்ரிங் பலகைத் துண்டுகளையும் சவுக்குக் கம்பு மிச்சங்களையும் அப்படியே உள்ளே போட்டு மூடிவிடுவார்கள். கரையானுக்கு வீடு கட்டும்போதே விருந்து வைத்த மாதிரி. போன வருடம் 'ஏ' பிளாக் பின்புறம் டிரெயினேஜ் குழாய்க்காகத் தோண்டியபோது, அப்படி அரித்துப்போன பலகைகள் வந்ததை நம் வாட்ச்மேன் பார்த்திருக்கிறார்.

"கரையான் தரைத்தளத்துப் பிரச்சினை, மூன்றாவது மாடிக்காரர் ஏன் பணம் தர வேண்டும்?" என்று போன கூட்டத்தில் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. பதில் சொல்கிறேன். டக்ட் வழியாக எத்தனை மாடி வேண்டுமானாலும் கரையான் ஏறும். அதைவிட முக்கியமானது, காப்டோடெர்மிஸ் என்ற இனத்தைச் சேர்ந்த கரையான்கள், மேல்மாடிச் சுவருக்குள் நிரந்தரக் கசிவு கிடைத்தால், மண்ணுக்குப் போகாமல் அங்கேயே துணைக்கூடு கட்டிக்கொள்ளும். குளியலறை ஓதம் அடிக்கும் மூன்றாவது மாடி வீடு, ஓதம் இல்லாத தரைத்தள வீட்டைவிடப் பத்திரமானது என்று சொல்ல முடியாது.

மருந்து அடிப்பதில் என்ன குறை?

ஸ்ப்ரே அடித்தால் அந்த இடத்தில் உள்ள சில நூறு வேலைக்காரக் கரையான்கள் சாகும். கூட்டில் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. புற்றுக் கட்டும் இனங்களின் ராணி நாளொன்றுக்கு ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாம் கொன்ற கணக்கை அது ஒரு நாளில் ஈடு கட்டிவிடும். மருந்து வாடை அடிக்கும் வழியை விட்டுவிட்டு வேறு வழி போடும். அதைத்தான் நாம் "கரையான் போய்விட்டது" என்று நினைக்கிறோம்.

அடுத்தது, பெஸ்ட் கன்ட்ரோல்காரர்கள் துளை போட்டு மருந்து செலுத்தும் முறை. இதைக் குறை சொல்லவில்லை. ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர நெறிமுறை கரையான் தடுப்புக்கென்றே இருக்கிறது. அதன் முதல் பாகம் கட்டுமான அமைப்பைப் பற்றியது, இரண்டாவது கட்டுவதற்கு முன் மண்ணில் மருந்து விடுவது, மூன்றாவது நம்மைப்போல ஏற்கெனவே கட்டி முடித்த கட்டடத்துக்கு. சுவரும் தரையும் சேரும் இடத்தில் ஏறக்குறைய ஓரடிக்கு ஒரு துளை போட்டு, மண்ணுக்குள் மருந்துக் கலவையை இறக்குவார்கள். ஒழுங்காகச் செய்தால் கட்டடத்துக்கும் மண்ணுக்கும் நடுவே மருந்தால் ஒரு வேலி உண்டாகும்.

நம் இடத்தில் அதற்கு மூன்று தடைகள் இருக்கின்றன. ஒன்று, தரைத்தளத்தில் மறைவாகப் போகும் தண்ணீர்க் குழாய்கள். பழைய வரைபடம் நம்மிடம் இல்லை. டிரில் எங்கே போய் முட்டும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. இரண்டு, சம்ப்பும் போர்வெல்லும் கட்டடத்தை ஒட்டியே இருக்கின்றன. அங்கே நூற்றுக்கணக்கான லிட்டர் மருந்தை மண்ணில் இறக்க எனக்கு மனம் வரவில்லை. மூன்று, வேலி என்றால் முழுதாக இருக்க வேண்டும். ஒரு வீட்டுக்காரர் டைல்ஸைத் துளைக்க வேண்டாம் என்று சொன்னாலே வேலியில் வாசல் வந்துவிடும். பிறகு தோட்ட வேலைக்கோ கேபிளுக்கோ தோண்டினால் இன்னொரு வாசல்.

மருந்தைப் பற்றிய ஒரு வரலாறும் தெரிந்திருக்க வேண்டும். ஒரு காலத்தில் கரையானுக்கு ஆல்ட்ரின், குளோர்டேன், ஹெப்டாகுளோர் போன்றவற்றைத்தான் மண்ணில் விட்டார்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் "ஆல்ட்ரின் அடித்தாச்சா?" என்பதுதான் சைட்டில் கேள்வி. பல வருடம் மண்ணில் அழியாமல் இருப்பதுதான் அதன் பெருமை. அதுவே பிறகு அதன் குற்றமாயிற்று. 2001-ல் கையெழுத்தான ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையில் முதலில் சேர்க்கப்பட்ட பன்னிரண்டு நச்சுப்பொருள்களில் இந்த மூன்றும் உண்டு. அதனால், "இது நாள்பட நிற்கும் சார்" என்று யாராவது சொன்னால், எனக்கு இப்போது கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

இரைப்பெட்டி எப்படி வேலை செய்கிறது?

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். பெயிட் ஸ்டேஷன் என்கிறார்கள். நாம் இரைப்பெட்டி என்று வைத்துக்கொள்வோம்.

பக்கமெல்லாம் துளையுள்ள ஒரு பிளாஸ்டிக் குழல். மூடிக்குப் பூட்டு உண்டு. மூடி தரைமட்டத்துக்கு வரும்படி மண்ணில் புதைப்பார்கள். உள்ளே கரையானுக்குப் பிடித்த மென்மரத் துண்டுகள் இருக்கும். கட்டடத்தைச் சுற்றி ஏறக்குறைய மூன்று மீட்டருக்கு ஒன்று. கரையான் உணவு தேடிச் சுரங்கம் போட்டுக்கொண்டே இருக்கும். ஏதாவது ஒரு பெட்டியில் வந்து மோதும். மோதியது தெரிந்தவுடன், அந்தப் பெட்டிக்குள் மருந்து கலந்த மரக்கூழை வைப்பார்கள். சில வகைகளில் மருந்து முதலிலிருந்தே உள்ளே இருக்கும்.

அந்த மருந்தில்தான் சூட்சுமம். அது கரையானை உடனே கொல்லாது. பூச்சிகள் வளரும்போது பாம்பு சட்டை உரிப்பதுபோல் தோலுரிக்கும். உரித்தபின் புதுத்தோல் உருவாகக் கைட்டின் என்ற பொருள் வேண்டும். ஹெக்ஸாஃப்ளுமுரான், குளோர்ஃப்ளுஅசுரான் போன்ற மருந்துகள் அந்தக் கைட்டின் உருவாவதைத் தடுத்துவிடும். தின்ற அன்று கரையானுக்கு ஒன்றும் ஆகாது. நன்றாகத் தின்றுவிட்டுக் கூட்டுக்குப் போகும். போய் என்ன செய்யும்? கரையான் கூட்டில் ஒன்றுக்கொன்று வாயிலிருந்து உணவை ஊட்டிக்கொள்ளும். குஞ்சுகளுக்கு, சிப்பாய்களுக்கு, ராணிக்கு எல்லாம் வேலைக்காரக் கரையான்தான் ஊட்ட வேண்டும். அப்படி மருந்தும் கை மாறிக் கை மாறிப் போகும். அடுத்தடுத்துத் தோலுரிக்கும் நேரம் வரும்போது ஒவ்வொன்றாக விழும். ஊட்ட ஆளில்லாமல் கடைசியில் ராணியும் போய்விடும். உடனே கொல்கிற மருந்தாக இருந்தால் பெட்டியின் வாசலிலேயே பிணங்கள் குவியும். மற்றவை உஷாராகி ஒதுங்கிவிடும். அதன் நிதானம்தான் நமக்கு லாபம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. அமெரிக்காவில் ஃபுளோரிடா பல்கலைக்கழகப் பூச்சியியல் அறிஞர் நான்-யாவ் சூ என்பவரின் ஆய்விலிருந்து வந்த முறை. 1995-ல் அங்கே விற்பனைக்கு வந்தது. நியூயார்க்கில் உள்ள சுதந்திர தேவி சிலை வளாகத்தையே கரையான் பிடித்திருந்தது. அங்கே இந்த இரை முறையைக் கொண்டுதான் ஒழித்தார்கள். 1998-ல் அதைப் பற்றி ஆய்வுக் கட்டுரையும் வந்திருக்கிறது.

மனிதர்களுக்கும் நாய் பூனைகளுக்கும் கைட்டின் கிடையாது. மருந்தின் அளவும் மிகக் குறைவு, பூட்டிய பெட்டிக்குள் இருக்கிறது. குழந்தைகள் விளையாடும் இடத்தில் இருந்தாலும் மூடி பூட்டியிருக்கும் வரை பயப்பட வேண்டியதில்லை. ஆனால் இறால், நண்டு போன்ற நீர்வாழ் உயிர்களுக்கு இந்த மருந்துகள் ஆகாது. தீர்ந்த இரையைக் கழிவுநீர்க் கால்வாயிலோ ஏரியிலோ கொட்டக் கூடாது. நிறுவனத்தார் திரும்ப எடுத்துப் போக வேண்டும். ஒப்பந்தத்தில் இதைச் சேர்க்கச் சொல்லியிருக்கிறேன்.

எங்கே இது பலிக்காது?

கொட்டேஷன் கொடுத்தவர்கள் யாரும் சொல்லாத பகுதி இதுதான்.

முதலாவது, எல்லாக் கரையானும் ஒன்றல்ல. நம் மாமரத்திலும் தென்னையிலும் பட்டைமேல் மண் பூசினாற்போல் ஏறியிருக்கிறதே, அது பெரும்பாலும் ஓடோண்டோடெர்மிஸ் இனமாக இருக்கும். கிராமத்தில் பார்க்கும் பெரிய புற்றுகளைக் கட்டுவதும் அந்த வகைதான். அது தின்ற மரத்தைக் கொண்டுபோய்ப் புற்றுக்குள் பூஞ்சைத் தோட்டம் வளர்க்கும். மழைக்குப் பின் நாம் பறித்துக் குழம்பு வைக்கும் புற்றுக்காளான் அந்தத் தோட்டத்திலிருந்துதான் முளைக்கிறது. இந்த இனத்தில் வளர்ந்த வேலைக்காரக் கரையான் மறுபடி தோலுரிக்காது. குஞ்சுகள் மட்டுமே உரிக்கும். அதனால் இரை மருந்து மெதுவாகத்தான் பிடிக்கும். சில வேளை இரையைச் சரியாக எடுக்கவும் எடுக்காது. காப்டோடெர்மிஸ் இனத்தில் நன்றாக வேலை செய்யும்.

ஆகவே, பணம் கொடுக்கும் முன் நம் கரையான் எது என்று தெரிய வேண்டும். முதல் தள அம்மா வீட்டில் பிடித்த சிப்பாய்க் கரையான்களை ஒரு சிறு புட்டியில் ஸ்பிரிட்டில் போட்டு வைத்திருக்கிறேன். பிடிக்கும்போது அவற்றின் தலையிலிருந்து பால் போல் வெள்ளைத் துளி வந்தது. அது காப்டோடெர்மிஸின் அடையாளம். மாமரத்தில் எடுத்த சிப்பாய்களில் அப்படிப் பால் வரவில்லை. என் கண் கணிப்பை நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். இரண்டு புட்டிகளையும் ஒரு வேளாண் கல்லூரிப் பூச்சியியல் துறையில் காட்டி, எழுத்தில் வாங்கிய பிறகே முன்பணம் கொடுப்போம்.

இரண்டாவது, உலர்மரக் கரையான் என்று ஒன்று உண்டு. அது மண்ணுக்குப் போகாது, மரத்துக்குள்ளேயே வாழும். மண் குழாய் இருக்காது. கீழே கசகசா கொட்டினாற்போல் சின்னச் சின்ன உருண்டைகள் கிடக்கும். மரம் உளுத்து மாவு கொட்டினால் அது வண்டு. இரண்டுக்கும் மண்ணில் புதைக்கும் இரைப்பெட்டியால் பயனில்லை. வைத்தியம் வேறு.

மூன்றாவது, நேரம். பெட்டியைக் கரையான் கண்டுபிடிக்கவே சில வாரம் ஆகலாம், சில மாதமும் ஆகலாம். கண்டுபிடித்த பிறகு கூடு அழிய மேலும் சில மாதம். அதுவரை மண் கோடு தெரியும். "பணம் கொடுத்தும் கரையான் நடமாடுகிறதே" என்று கோபம் வரும். அப்போதுதான் பொறுமை வேண்டும். நடமாடினால்தான் மருந்து போய்ச் சேரும்.

நான்காவது, நம் ஊர் மழை. ஐப்பசி, கார்த்திகையில் நம் பின்புறத் தோட்டத்தில் தண்ணீர் நிற்கும். முழுகிய பெட்டியில் இரை பூசணம் பிடித்துவிடும். கரையான் அதைத் தொடாது. ஆகவே மழைக்கு முன்னும் பின்னும் கட்டாயம் பெட்டிகளைச் சோதித்துப் புதுப்பிக்க வேண்டும். எறும்பு குடியேறினாலும் கரையான் வராது. "கரையான் புற்றெடுக்கப் பாம்பு குடியேறிய கதை" என்பார்கள். இங்கே நாம் எடுத்த புற்றில் எறும்பு குடியேறும்.

நமக்கான திட்டம்

நம் இரண்டு பிளாக்குகளும் ஏறக்குறைய முப்பது மீட்டர் நீளம், பதினைந்து மீட்டர் அகலம். ஒவ்வொன்றின் சுற்றளவும் 90 மீட்டர். மூன்று மீட்டருக்கு ஒன்று என்றால் பிளாக்குக்கு 30, இரண்டுக்கும் 60 பெட்டிகள். பேவர் பிளாக் போட்ட இடத்தில் கல்லை எடுத்துப் பொருத்தலாம். கான்கிரீட் தளத்தில் கோர் கட்டர் வைத்துத் துளை போட வேண்டும்.

இது தவிர, டக்ட்டில் கரையான் இப்போது நடமாடும் இடத்தில், சுவரில் பொருத்தும் இரைப்பெட்டி ஒன்றை முதலில் வைக்கச் சொல்கிறேன். மண் குழாயின் மேலேயே அதை ஒட்டுவார்கள். மண்ணில் உள்ள பெட்டிக்குக் கரையான் எப்போது வரும் என்று காத்திருக்க வேண்டாம். இரை நேராக அதன் வழியிலேயே கிடைக்கும்.

எந்த நிறுவனமானாலும் ஐந்து கேள்விகள் கேட்போம். பூச்சி ஒழிப்புப் பணிக்கான உரிமம் இருக்கிறதா? இரை மருந்து, 1968-ஆம் ஆண்டுப் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் கீழ் ஃபரீதாபாத்தில் உள்ள மத்தியப் பதிவுக் குழுவிடம் பதிவானதா, அதன் லேபிளைக் காட்ட முடியுமா? மாதம் எத்தனை முறை வந்து பார்ப்பீர்கள்? ஒவ்வொரு பெட்டிக்கும் எண் போட்டு, எதில் கரையான் வந்தது, எவ்வளவு தின்றது என்று எழுதிக் கொடுப்பீர்களா? கூடு அழிந்த பிறகும் கண்காணிப்பு எத்தனை வருடம்? மூன்றாவது, நான்காவது கேள்விக்குச் சரியான பதில் இல்லை என்றால் மற்றதைக் கேட்கவே வேண்டாம். பெட்டி புதைப்பது ஒரு நாள் வேலை. பார்த்துக்கொள்வதற்குத்தான் நாம் பணம் கொடுக்கிறோம். புதைத்துவிட்டு யாரும் எட்டிப் பார்க்காத பெட்டி, கரையானுக்கு நாம் வைக்கும் இலவசச் சாப்பாடு.

ஒரு கூடு அழிந்தால் வேலை முடிந்ததா என்றால், இல்லை. முதல் மழைக்கு ஈசல் பறக்கும். ஒவ்வொரு ஜோடியும் புதுக் கூடு தொடங்கப் பார்க்கும். அதனால் பெட்டிகள் இருந்துகொண்டே இருக்க வேண்டும். லிஃப்ட்டுக்கு ஆண்டுப் பராமரிப்பு கொடுப்பதுபோல் இதையும் நினைத்துக்கொள்ளுங்கள். தொகை விவரத்தைப் பொருளாளர் சொல்வார். என் கோரிக்கை ஒன்றுதான். 48 வீடுகளும் சமமாகப் பகிர்ந்துகொள்ள வேண்டும். தரைத்தளத்தில் உள்ள பன்னிரண்டு பேர் மட்டும் செலவு செய்து, அவரவர் வாசலை அவரவர் அடைத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்கு நானே சாட்சி.

நீங்கள் செய்ய வேண்டியவை

முதலில், செய்யக் கூடாதது. மண் கோட்டைப் பார்த்தால் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். மண்ணெண்ணெய், ஃபினாயில், வெந்நீர், எதுவும் வேண்டாம். துடைக்கவும் வேண்டாம். ஒரு போட்டோ எடுத்து அலுவலக எண்ணுக்கு அனுப்புங்கள். பணிப்பெண்ணிடமும் சொல்லி வையுங்கள். நல்ல மனதோடு அவர்தான் முதலில் துடைத்துவிடுவார். அலமாரியில் இருப்பதை எடுத்துப் பத்திரப்படுத்துங்கள், குழாயை மட்டும் கலைக்காதீர்கள்.

தோட்டத்தில் பெட்டி மூடியைத் திறந்து பார்க்காதீர்கள். கரையானைத் தொந்தரவு செய்தால் அந்தப் பெட்டியை அது கைவிட்டுவிடும். பூச்செடிக்கு அடிக்கும் பூச்சிமருந்தைப் பெட்டியருகே அடிக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை டார்ச் எடுத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். குளியலறைக் கதவு நிலையின் அடிப்பக்கம், சமையலறை சிங்க்குக்குக் கீழே, மாடுலர் கிச்சன் பின்பலகை, பரண், மின்சார சுவிட்ச் பெட்டியின் ஓரம், பூஜை அலமாரி. ஸ்க்ரூடிரைவரின் கைப்பிடியால் மரத்தைத் தட்டுங்கள். டொக்கு டொக்கென்று வெற்றுச் சத்தம் வந்தால் சந்தேகப்படுங்கள். மழைக்குப் பிறகு ஜன்னலோரம் உதிர்ந்த இறகுகளைப் பார்த்தாலும் சொல்லுங்கள். ஈசலா, பறக்கும் எறும்பா என்று குழப்பம் வந்தால், ஈசலுக்கு நான்கு இறகும் ஒரே நீளம், இடுப்பு கிடையாது. எறும்புக்கு முன்னிறகு பெரியது, இடுப்பு ஒட்டியிருக்கும். விளக்குக்கு வரும் ஈசல் வெளியிலிருந்து வந்திருக்கலாம். சுவரிலிருந்தோ கதவு நிலையிலிருந்தோ கிளம்பினால் உடனே கூப்பிடுங்கள்.

இப்போது ஈரத்துக்கு வருகிறேன். சொட்டும் குழாய், ஏ.சி. தண்ணீர் சுவரோரம் விழுவது, குளியலறை ஓதம், இவற்றைச் சரி செய்யுங்கள். அட்டைப்பெட்டி, பழைய செய்தித்தாள் கட்டு, மிச்ச பிளைவுட், இவற்றை டக்ட்டிலும் கார் பார்க்கிங்கிலும் தரையில் போட்டு வைக்காதீர்கள். அலமாரியைச் சுவரிலிருந்து இரண்டு அங்குலமாவது தள்ளி வையுங்கள். இதற்கு யாருக்கும் பணம் கொடுக்க வேண்டியதில்லை. இதைச் செய்யாமல் எத்தனை பெட்டி புதைத்தாலும் பாதி வேலைதான்.

கடைசியாக, உங்கள் பத்திரங்கள். இரும்பு பீரோவில் வையுங்கள், அடித்தட்டில் வைக்காதீர்கள். ஸ்கேன் செய்து பிள்ளைகளுக்கு ஒரு பிரதி அனுப்பி வையுங்கள். பத்திரத்தை மட்டும் சொல்லவில்லை. பழைய கடிதம், கணக்கு நோட்டு, அப்பா கையெழுத்துப் போட்ட மதிப்பெண் அட்டை, எதற்கு நகல் கிடைக்காதோ அதை முதலில் ஸ்கேன் செய்யுங்கள். கம்ப்யூட்டர் தெரியாத பெரியவர்களுக்கு 'சி' தளத்துக் கல்லூரிப் பிள்ளைகள் இரண்டு பேர் ஞாயிற்றுக்கிழமை சங்க அலுவலகத்தில் உட்கார்ந்து செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். முதல் தள அம்மாவிடம் நான்கு நோட்டுகள் மிஞ்சியிருக்கின்றன. வரும் ஞாயிறு முதல் வேலை அதுதான்.

இருபது நிமிடம் தாண்டிவிட்டது. தீர்மானத்துக்குக் கை தூக்கும்போது உங்கள் தளத்தை மட்டும் நினைக்காமல், மேலே ஒரு வீடும் கீழே ஒரு வீடும் இருப்பதை நினைத்துத் தூக்குங்கள்.